எரிமலைக்கு ஒரு சைக்கிள் ரூட்

"எரிமலையா? நம்ம தாம்பரத்துலயா சார்?"

பக்தவச்சலம் பதறிப்போய்க் கேட்டார். மேனேஜர் ராஜகோபாலன் மவுண்ட் ரோடு தலைமை அலுவலகக் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"இப்ப எரியற மலை இல்லைங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நெருப்புக் குழம்பா இருந்து இறுகின பாறையாம். திருநீர்மலை, பம்மல் குவாரிப் பக்கமெல்லாம் அதுதானாம். அங்க ஜல்லி ரோட்டுல வெளிநாட்டுக்காரங்களை சைக்கிள்ல கூட்டிட்டுப் போகணும்னு முதலாளிக்கு ஆசை. ரூட் பார்க்க நாளைக்கு டெல்லியிலேருந்து ஒரு புரொபசர் வர்றார். பல்லாவரம் பிராஞ்சுக்கும் இதே லெட்டர் போயிருக்கு. நம்ம பிராஞ்சுக்கு நீங்கதான் வழி காட்டணும்."

"நானா?"

"பதினஞ்சு வருஷமா இங்கதானே குடியிருக்கீங்க?"

குடியிருந்தார்தான். சேலையூர் வீட்டுக்கும் நீலவானம் டிராவல்ஸ் கவுண்டருக்கும் நடுவில். டெல்லி ரயில் நாக்பூரில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். தாம்பரம் மேற்கில் நாலாவது தெரு எங்கே போய் முட்டுகிறது என்று தெரியாது.

"நாகர்கோவில் பிராஞ்சுக்கு மாத்தறதுக்கு உங்க பேர்தான் போயிருக்கு. புரொபசர் நல்ல ரிப்போர்ட் குடுத்தார்னா, அதைக் காட்டி நான் நிறுத்திடுவேன்" என்றார் மேனேஜர்.

மனைவி காந்திமதிக்கு எட்டு வருஷம் தற்காலிகமாக இருந்த பிறகு மாடம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"எனக்குத் தெரியாத ரூட்டா சார்?" என்றார் பக்தவச்சலம்.

அன்று மாலை காந்திமதி கேட்டாள்: "மாடம்பாக்கம் கோயிலுக்கே வழி நான்தானே சொல்றேன்? நீங்க எப்படி?"

"அவர் புரொபசர். மேப் எல்லாம் படிச்சிருப்பார். அவர் எந்தப் பக்கம் திரும்பறாரோ, அந்தப் பக்கம் நானும் 'கரெக்ட் சார்'னு திரும்பிடுவேன்."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு, பக்கத்து வீட்டு சைக்கிளைக் கடன் வாங்கிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷன் வாசலுக்குப் போனார். சித்திரை வெயிலுக்குப் பயந்து மகனுடைய கிரிக்கெட் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். தொப்பி, சைக்கிள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. புரொபசருக்கு மேனேஜர் சொன்ன அடையாளம் இவ்வளவுதான்.

தொப்பியும் சைக்கிளுமாக ஒருவர் அங்கே ஏற்கனவே நின்றிருந்தார். கறுத்த, ஒல்லியான மனிதர். டெல்லி வெயில் கொளுத்தும் என்று பக்தவச்சலம் கேள்விப்பட்டிருந்தார்.

"குட்மார்னிங் சார்! நீலவானம் டிராவல்ஸ்!"

அவர் முகம் மலர்ந்தது. "யெஸ், யெஸ்! நீலவானம் டிராவல்ஸ்! குட்மார்னிங் சார்! கோ?"

"கோ, சார்!"

இருவரும் கிளம்பவில்லை. பக்தவச்சலம், அவர் முன்னால் போகட்டும் என்று நின்றார். அவரும் மரியாதையாக நின்றார்.

"யூ ஃபர்ஸ்ட், சார்."

"நோ நோ, யூ ஃபர்ஸ்ட், சார்."

கடைசியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கிளம்பினார்கள். முதல் முச்சந்தியில் பக்தவச்சலம் புரொபசரின் ஹேண்டில்பாரையே பார்த்தார். அது கொஞ்சம் வலது பக்கம் அசைந்த மாதிரி இருந்தது. இவர் வலது பக்கம் திருப்பினார். "கரெக்ட், சார்!" என்றார் புரொபசர்.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அதே முறையில் எட்டு திருப்பம் திரும்பியதில், ஒரே மாவு மில்லை மூன்று தடவை கடந்தார்கள்.

இடையிடையே புரொபசர் சுண்டுவிரலைக் காட்டிவிட்டு வீடுகளுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். பாவம், சர்க்கரை வியாதி போலிருக்கிறது. நாலாவது தடவை அவர் போனபோது பக்தவச்சலம் இதுதான் சமயம் என்று, எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் ஓடினார். காலையிலிருந்து இங்கிலீஷே பேசியதில் நாக்கு திரும்பவில்லை.

"இங்க... வால்கனோ... எங்கங்க இருக்கு?"

"வல்கனைசிங்கா? நேரா போய் லெப்ட்ல கீது. டயரா, டியூபா?"

மனிதர் கேட்டது காதில் முழுதாக விழுவதற்குள் புரொபசர் திரும்பிவிட்டார். நேராகப் போய் இடது பக்கம் திரும்பினார்கள். பூட்டிய ஒரு கொட்டகை. முன்னால் ஆள் உயரத்துக்குப் பழைய லாரி டயர்கள்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். பக்தவச்சலம் டயர்களுக்குப் பின்னால், தூரத்தில் தெரிந்த கரட்டுக் குன்றைக் காட்டினார்.

"வால்கனோ, சார். வெரி ஓல்ட்."

"வெரி, வெரி ஓல்ட்" என்று புரொபசர் உடனே ஒத்துக்கொண்டார். எவ்வளவு படித்தவர்! ஒரு பார்வையிலேயே வயதைச் சொல்லிவிட்டாரே!

கரட்டை நோக்கிப் போனார்கள். தார் ரோடு முடிந்து ஜல்லி ஆரம்பித்தது. முக்கால் இஞ்ச் ஜல்லி, ஒன்றரை இஞ்ச் ஜல்லி, அப்புறம் தேங்காய் சைஸ். பக்தவச்சலம் இரண்டு தடவை விழுந்தார். புரொபசர் மூன்று தடவை. விழுந்த ஒவ்வொரு தடவையும் ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு, "நைஸ் ரோட், சார்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

திடீரென்று ஒரு விசில். குவாரி மேட்டிலிருந்து ஒரு பெண் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யோவ் தொப்பிங்களா! வேட்டு வெச்சுகினு கீறாங்க! ஓடுங்கய்யா!"

"சார்! பாம்! ரன்!" என்று பக்தவச்சலம் கத்தித் திரும்பினால், புரொபசர் அதற்குள் ஐம்பது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தார்.

சைக்கிள்களைப் போட்டுவிட்டு இருவரும் ஒரு பாறைக்குப் பின்னால் விழுந்தார்கள். பூமி குலுங்கியது. எதிர்ப் பாறை புகையாக எழுந்தது. கல் மழை கொட்டியது.

புரொபசர் நடுங்கிக்கொண்டே கேட்டார்: "வால்கனோ?"

உயிர் போகிற பயத்திலும் பக்தவச்சலத்துக்கு நாகர்கோவில் ஞாபகம் வந்தது. "யெஸ் சார். டெய்லி. ட்வெல்வ் ஓ கிளாக்."

புகை அடங்கியதும் போய்ப் பார்த்தார்கள். புரொபசரின் முன்சக்கரம் எட்டுப் போல வளைந்திருந்தது. பக்கத்து வீட்டு சைக்கிளின் சீட்டைக் காணோம். இரண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு, லாரித் தடத்தைப் பிடித்து பம்மல் மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். உச்சி வெயில். இருவர் முகத்திலும் வெள்ளை மாவு மாதிரி கல்தூள்.

பாதி வழியில் பக்தவச்சலத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சைக்கிளை இறக்கிவைத்தார்.

"சார், ஐ டோன்ட் நோ ரூட். நத்திங் நோ. மை வைஃப், டீச்சர். டூ சில்ரன். நாகர்கோவில் வெரி ஃபார், சார்."

கண் கலங்கிவிட்டது. புரொபசர் அவரைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. தன் சைக்கிளையும் இறக்கிவைத்துவிட்டு, பக்தவச்சலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"குட் ரிப்போர்ட், சார்?"

பக்தவச்சலத்தால் காதுகளை நம்ப முடியவில்லை. "குட் ரிப்போர்ட்! யெஸ் சார், குட் ரிப்போர்ட்!"

"தேங்க் யூ, சார்! தேங்க் யூ!"

"ஐ தேங்க் யூ, சார்!"

இவ்வளவு பாடுபடுத்தியும் அவரே நன்றி சொல்கிறாரே! மகானய்யா, மகான். மாடம்பாக்கத்திலேயே மனை வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே மிச்ச தூரத்தை நடந்தார். சைக்கிள் கனக்கவே இல்லை.

மெயின் ரோட்டு முனையில் ஒரு பஞ்சர் கடை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் துரைராஜ் தலையை நிமிர்த்தினார். கல்தூள் பூசிய இரண்டு தொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டியூபை விட்டுவிட்டு, புரொபசரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இன்னா சவுரிமுத்தண்ணே, இங்கியா கீறே? டெல்லி புரொபசருக்கு மலையக் காட்ட ஒன்ன அனுப்புனா நீ எங்கியோ சுத்திகினு கீறே, அந்த மனுசன் காத்தாலேருந்து தாம்பரம் டேசன்லயே குந்திகினு கீறாராம்னு ஒங்க பல்லாவரம் நீலவானம் ஆபீசே பேஜாராகி ஒன்னத் தேடுது!"