கண்ணாடியில் இல்லாத கோடு

எங்கள் கார்களைத் துடைக்க வைப்பர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் ஒருவரும் அடையாறைப் பார்த்ததில்லை. பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். எங்கள் மூச்சும் தலையெண்ணெயும் பிள்ளைகளின் பிஸ்கட் விரல்களும் படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர் மங்கலாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் அடையாறு என்று சொல்லிவந்தோம். அவர் முதன்முதலாக என் பழைய காரின் கண்ணாடிகளை உள்பக்கம் துடைத்துவிட்டுப் போன அன்று ஆற்றுப் பாலத்தில் ஏறினேன். ஆறு இருந்தது. ஆற்றில் கொக்கு இருந்தது. கொக்கின் காலில் சேறுகூட இருந்தது. கண்ணாடியை மட்டும் காணவில்லை. எங்கேயோ விழுந்துவிட்டதோ என்று பயந்து, சிக்னலில் நின்றபோது கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைப்புமணி அடித்தது.

"இன்னா சார், நேத்து கண்ணாடி மேல கைய வெச்சியா?"

"இல்லியே."

"நாலு வெரலு கீது. சுண்டு வெரலு மட்டும் படல. சுண்டு வெரல்ல அடியா?"

அடிதான். முதல் நாள் கதவிடுக்கில் நசுங்கியிருந்தது. அன்றிலிருந்து இந்த மனிதரிடம் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவை எப்படி மீறினேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. கடற்கரையோரம் இருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து விடிந்ததும் நடந்து வருவார். தோளில் நான்கு துணி, கையில் பக்கெட், இடுப்பில் துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்ப்ரே பாட்டில். வைப்பர் என்ற பெயர் வந்ததற்கு இரண்டு கதை உண்டு. ஒரு பெருமழையில் தேனாம்பேட்டை சிக்னலில் யாருடைய காரிலோ வைப்பர் உடைந்துபோக, இவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, அடையாறு வரைக்கும் கையாலேயே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்பது அவர் சொல்லும் கதை. பேசும்போது அவருடைய தலை இடமும் வலமுமாக ஆடுவதால் வந்தது என்பது இரண்டாவது மாடி அண்ணாச்சி சொல்லும் கதை. இரண்டையுமே நான் நம்புகிறேன்.

காரின் வெளிப்பக்கத்தை அவர் மதித்ததே இல்லை. ஒரு பக்கெட் தண்ணீர், இரண்டு இழுப்பு, முடிந்தது. உள்ளே போனால்தான் நாற்பது நிமிடம். ஏன் என்று கேட்டால் துணியை உதறிக்கொண்டே சொல்வார்: "வெளிய கீறது ஊரு அழுக்கு சார். மய பேஞ்சா போய்டும். உள்ள கீறது உன் அழுக்கு. அதுக்கு எந்த மய வரும்?"

வெயிலில் நிற்கும் காரைத் தொடமாட்டார். நிழலுக்குக் கொண்டுவரச் சொல்வார். ஜன்னலை நான்கு விரல் இறக்கி, ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் மேல்விளிம்பைத்தான் முதலில் துடைப்பார். தண்ணீரைக் கண்ணாடியில் அடிக்கமாட்டார், துணியில் அடிப்பார். ஈரத்துணி ஒரு முறை, உடனே காய்ந்த துணி ஒரு முறை. உள்ளே இடவலமாக, வெளியே மேல்கீழாக. ஒரு கோடு மிஞ்சினாலும் அது எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரிந்துவிடுமாம். ஒருமுறை நான் நல்லெண்ணத்தில் அவருடைய துணிகளை எங்கள் வாஷிங் மெஷினில் போட்டு, வாசனைத் திரவமும் ஊற்றித் துவைத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "கொன்ட்டியே சார். இனிமே இதுல தொடச்சா கண்ணாடில பிசுக்குதான் பூசணும்." நான்கு துணிகளையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் மேஜை துடைக்கிறது, கமகமவென்று.

முன்கண்ணாடியும் டாஷ்போர்டும் சேரும் இடுக்குக்குள் எவர் கையும் போகாது. அவர் கை போகும். ஆனால் அதற்கு அவர் சீட்டைச் சாய்த்து, மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் ஜன்னல் வழியாகத் தெருவுக்குக் கொடுத்துவிட வேண்டும். சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிக்காரர் ஒருவர் ஒருநாள் அந்த அசையாத கால்களைப் பார்த்து அலற, கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஆம்புலன்சுக்கும் சொல்லிவிட்டார்கள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "கூட்டம் போடாத நைனா, வெளிச்சத்த மறைக்குது." ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்ததும், வந்தவர்களை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று அதன் கண்ணாடியையும் உள்பக்கம் துடைத்துத்தான் விட்டார்.

அவரைக் கண்டு எங்கள் அடுக்குமாடியே நடுங்கியது. பின்சீட்டு ஜன்னலில் தேங்காயெண்ணெய் வட்டத்தைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்கினார்கள் என்று சொல்வார். அண்ணாச்சிக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, இதயத்துக்காக எண்ணெய்ப் பலகாரமே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்த நேரம் அது. அண்ணாச்சியின் மனைவி பக்கத்தில் நிற்கும்போதே வைப்பர் ஜன்னலைக் காட்டிக் கேட்டார்:

"இன்னா அண்ணாச்சி, பஜ்ஜியா?"

"பஜ்ஜியா? நான் எங்கய்யா பஜ்ஜி தின்னேன்?"

"மொளகா பஜ்ஜி. காம்ப புட்ச்ச வெரலு தனியா தெரியுது பாரு."

"ஏய்யா, நீரு காரத் தொடைக்க வந்தீரா, என் குடும்பத்தப் பிரிக்க வந்தீரா?"

அண்ணாச்சி ஒரு மாதம் கடையிலிருந்து ஆட்டோவில் வந்தார்.

இப்படிப்பட்டவர் துடைத்த கண்ணாடியில் ஒருநாள் காலை நான் ஒரு கோட்டைப் பார்த்தேன்.

முதலில் வானத்தில்தான் ஏதோ கோடு என்று நினைத்தேன். விமானம் போன தடமாக இருக்கும். தடம் என்னோடு திரும்பியது, என்னோடு சிக்னலில் நின்றது. மறுநாள் இரண்டு கோடுகள். அடுத்த வாரம் முன்கண்ணாடி முழுக்க யாரோ அவசரமாகக் கோலம் போட்டு அழித்த மாதிரி இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனபின் ஒரு பழைய பனியனை எடுத்துப்போய் நானே துடைத்தேன்.

ஒருநாள் மாடிப்படி வளைவில் முதல் மாடி மாமி என்னை மறித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க கார்லயும் கோடா?"

"ஆமா மாமி."

"எங்காத்து கார்லயும்தான். கன்னாபின்னான்னு இருக்கு. எப்படிச் சொல்றது சொல்லுங்கோ. மனசு நொந்துடுவர். அவர் போனப்பறம் நானே தொடச்சுண்டு இருக்கேன்."

மேலே படியிலிருந்து அண்ணாச்சியின் குரல் இறங்கியது: "நானும் வேட்டி நுனியாலதான் தொடைக்கேன். யாரும் வாயத் தொறக்காதீய, கேட்டியளா? பாவம்."

ஆக, எங்கள் அடுக்குமாடியில் ஒரு ரகசிய சங்கம் உருவானது. வைப்பர் தெருமுனை திரும்பியதும் மூன்று பேர் மூன்று காருக்குள் ஏறிக்கொண்டு திருடர்கள்போலத் துடைப்போம். ஒருவரையொருவர் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்லமாட்டோம். ஒரு வருடம் இப்படி ஓடியது. எவ்வளவு நல்லவர்கள் நாங்கள் என்று எங்களுக்கே பெருமையாக இருந்தது.

இதற்கிடையில் அவருக்கோ தலைகீழான ஒரு தொல்லை தொடங்கியிருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியும் கோடுகளை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத இடத்தில் அவருக்குக் கோடு தெரிந்தது. துணியைக் குறை சொன்னார், மாற்றினார். தண்ணீரைக் குறை சொன்னார், குப்பத்திலிருந்தே குடத்தில் கொண்டுவந்தார். எதிரில் கட்டும் வீட்டின் தூசி என்றார். மாமி வீட்டுச் சாம்பிராணி என்றார். பத்திரிகைத் தாளால் துடைத்துப் பார்த்து, இப்போதெல்லாம் மையே சரியில்லை என்றார். ஏழு மணிக்கு என் காருக்குள் போனவர் பதினொரு மணிக்கும் அதே ஜன்னலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். தலை ஆட்டம் நின்றுவிட்டது. யாருடைய பஜ்ஜியையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அண்ணாச்சி ஒருநாள் வேண்டுமென்றே ஜன்னலில் ஐந்து விரலையும் பதித்துவிட்டு வந்து, காத்திருந்து, ஏமாந்துபோனார்.

சித்திரை மாதத்தில் ஒரு காலை. பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமியின் காரருகே நின்று எங்களைக் கூப்பிட்டார். மாமி டிரைவர் சீட்டில் கோயிலுக்குப் புறப்பட்டபடி. அண்ணாச்சியும் நானும் வெளியே.

"நாளைலேர்ந்து நான் வரல சார். வேற ஆளப் பாத்துக்குங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"கை போச்சு." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, செத்துப்போன இரண்டு மீன்களைக் காட்டுவதுபோலக் காட்டினார். "முப்பது வருசமா இந்தக் கைய வெச்சிகினுதான் சோறு துன்னேன். இப்ப ஒரு கோட்ட எடுக்க வக்கில்ல. அதோ பாரு, மாமி கார் பின் ஜன்னலு. காலைலேர்ந்து தொடைக்கிறேன். நடுவுல நிக்கிது பாரு, வெள்ளையா."

நான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "சரியாத்தானே இருக்கு," என்றேன்.

"இன்னா சார் சொல்ற? பட்டையா கீது!"

மாமி பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தானை அழுத்தி அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினார்.

"இப்போ?"

"கீது மாமி."

இன்னும் இறக்கினார். கண்ணாடி முழுவதும் கதவுக்குள் போய் மறைந்தது. ஜன்னலில் காற்று மட்டும் இருந்தது.

"இப்போ பாரு."

"அங்கியேதான் கீது மாமி. போவவே மாட்டேங்குது." துணியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார், ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். கை நேராக உள்ளே போயிற்று. கையோடு அவரும் இடுப்புவரை போய், பின்சீட்டில் இருந்த பூஜைக் கூடையில் முகம் புதைய விழுந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. செவ்வந்திப்பூ ஒட்டிய முகத்தோடு வெளியே வந்து, ஜன்னல் சட்டத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"கண்ணாடி எங்க மாமி?"

"கண்ணாடி இல்லைப்பா. எறக்கிட்டேன்."

வெற்று ஜன்னலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறுகண்ணை மூடிப் பார்த்தார். பிறகு கைகளைப் பார்த்தார்.

"அப்போ கை போவல?" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "கை நல்லாத்தான் கீதா? கண்ணுதான் போச்சா?"

"கடல்கூட மங்கலாத்தான் தெரிஞ்சிது சார். பனின்னு நெனச்சேன்," என்றார் கண் டாக்டரிடம் காரில் அழைத்துப்போகும்போது.

"சித்திரையிலயா பனி?" என்றார் அண்ணாச்சி.

கண் மருத்துவமனையில் நர்ஸ் ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டார். எங்களில் யாரும் அசையவில்லை. அந்தப் பெயருக்கு உரியவரும் அசையவில்லை. பிறகு அண்ணாச்சிதான் சந்தேகப்பட்டு, "ஏய்யா வைப்பர், அது நீராய்யா?" என்று கேட்டார். ஆமாம், அவர்தான். அன்று தெரிந்துகொண்ட பெயரை வாசலைத் தாண்டியதும் மறந்துவிட்டோம்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்துவிட்டுப் புரை என்றார். உள்ளே லென்ஸ் வெளுத்துப்போயிருக்கிறது, எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார்.

"தொடச்சிக் குடுக்க மாட்டீங்களா?"

"தொடைக்க முடியாதுங்க. அழுக்கு மேல இல்ல. உள்ள."

வைப்பர் எங்கள் பக்கம் பெருமையாகத் திரும்பினார். "பாத்தியா சார்? எப்பவும் உள்ளதான்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரொம்ப முத்திப்போச்சு. இன்னும் விட்டிருந்தா சிக்கலாயிருக்கும். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே. கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையா?"

நாங்கள் மூவரும் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படித்தோம். கடைசி வரிவரைக்கும் படித்தோம்.

ஆபரேஷன் அன்று காலை ஆளைக் காணவில்லை. பயந்து ஓடிவிட்டார் என்றுதான் நினைத்தோம். தேடிப்போனால் மருத்துவமனையின் கார் நிறுத்தத்தில், டாக்டரம்மாவின் டிரைவரைத் தாஜா செய்து கதவைத் திறக்கவைத்து, கண்ணாடியின் உள்பக்கத்தைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"வயவயன்னு கீது சார். பிசுக்கே இல்ல. நம்பி கண்ணக் குடுக்கலாம்."

கொடுத்தார். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. கறுப்புக் கண்ணாடியோடு குப்பத்தில் ஓய்வெடுத்த நாட்களில் எங்கள் கார்கள் மறுபடி மங்கின. நாங்கள் துடைத்தால் கோடு, துடைக்காவிட்டால் படலம்.

திரும்பி வந்த அன்று ஒவ்வொரு காராக உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்தார்.

"மூலைல பனியன் நூலு ஒட்டிகினு கீது. பழசு. எத்தினி நாளா இது?"

"ஒரு வருஷமா," என்றேன். "நீங்க போனப்புறம் நாங்களே..."

"உன் மனசு நொந்துடுமேன்னுதான்ப்பா சொல்லலை," என்றார் மாமி.

"நொந்தா இன்னா மாமி?" அவர் குரல் உயரவில்லை. "மூஞ்சிக்கு நேரா, இன்னாய்யா தொடச்சிகிற கேவலமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே டாக்டராண்ட போயிருப்பேன். எம் பேத்திக்கு மொத பல்லு வியுந்து, புதுப் பல்லுகூட மொளச்சிது. நான் அத பாக்கவே இல்ல."

தெருவில் ஒரு காய்கறி வண்டி போனது. அண்ணாச்சி தலையைக் குனிந்து, "தப்புதான்யா," என்றார்.

"தப்புதான். அதும் தொடச்சீங்களே, ஒயுங்கா தொடச்சீங்களா? வேட்டில தொடச்சது யாரு? நீலம் போட்ட வேட்டி. ஜன்னலே வானமாட்டம் கீது."

இப்போது ஒரு புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. துடைத்து முடித்ததும் யாராவது ஒருவர் கீழே வந்து, காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் நான்தான் போவேன். வெளியே நின்று, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்ப்பார். "பொய் சொல்லாத சார். கீதா, இல்லியா?" கோடு இருக்காது. ஏறி உட்கார்ந்த உடனேயே தெரிந்துவிடும். ஆனாலும் உடனே சொல்வதில்லை. இந்த மூலை, அந்த மூலை என்று கொஞ்ச நேரம் தேடுவேன். அந்தப் பக்கம் அவர் தெளிவாக, நரைத்த புருவத்தின் ஒவ்வொரு முடியும் தெரிய, காத்துக்கொண்டு நிற்பார். எனக்கு இறங்கவே மனம் வராது.