கன்னியப்பனின் இடது கால்

மனித குலம் நாலு காலை விட்டு இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது எதற்காக? இந்த மகத்தான கேள்விக்கு 1979-ல், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பம்பு கம்பெனி ஒன்றில் விடை கிடைத்தது. ஜோடி சேர்ந்து 'வால்ட்ஸ்' ஆடத்தான்!

வெளிநாட்டுக் கூட்டாளி மனைவியோடு கம்பெனி விருந்துக்கு வருவதாகத் தகவல். அம்மாளுக்கு நடனம் என்றால் உயிர். ஆனால் ஆறடி உயரம். மேனேஜர் நடேசன் உட்பட எந்த ஆபீசரும் அவர் தோளைத் தாண்டவில்லை. தாண்டக்கூடிய ஒரே ஆள், மூன்று வருஷமாக டெம்பரரியாகவே இருக்கும் மண்ணூர் கன்னியப்பன்.

"நல்லா ஆடினா மறுநாளே பர்மனென்ட் ஆர்டர்" என்றார் மேனேஜர்.

கன்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆர்டரைக் கண்ணால் பார்த்தால்தான் பெண் என்று, அவன் கட்டிக்கொள்ளக் காத்திருந்த செங்கமலத்தின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

பட்டறைத் தரையில் சாக்பீஸால் பாதங்கள் வரையப்பட்டன. தொழிலாளர் நல அதிகாரி கோதண்டராமன் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடம் நடத்தினார். 'லேடி'யாக லேத் பலராமன் நியமிக்கப்பட்டார், மீசையோடு.

"முதுகு நேரா! முழங்கை தொங்கக் கூடாது! உன் இடது கால் முன்னாடி, லேடி வலது கால் பின்னாடி!"

"லேடி பின்னால போவ மாட்டேங்கறாரு சார்!"

"போறதுக்குள்ள மெதிச்சிட்டு பேச்சப் பாரு!" என்று அலறினார் பலராமன்.

கன்னியப்பன் சட்டென்று குனிந்து பலராமன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கால் பட்டுவிட்டால் மண்ணூரில் அப்படித்தான். மாட்டின் மேல் பட்டாலும் அப்படித்தான்.

"குனியாதே! போஸ் கெடுது!" என்று கத்தினார் கோதண்டராமன்.

விருந்து நாள் வந்தது. இரவல் பூட்ஸ், இரவல் கோட்டு. இரண்டு சுற்று அற்புதம். மூன்றாவது சுற்றில் இடது கால் அம்மாளின் செருப்பின் மேல் இறங்கியது. ஐயோ பாவம், கன்னியப்பன் குனிந்துவிட்டான். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்த அம்மாள், தானும் குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புருஷன் கைதட்டினார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனான்.

"மிதிச்சது தப்பில்லை. குனிஞ்சே பாரு, அதான் தப்பு! அவங்களையே ஒரு டெம்பரரி கால்ல விழ வெச்சிட்டியே! கம்பெனி மானம் போச்சு!"

"கால் பட்டுச்சே சார்..."

"அடுத்த வருஷம் பாக்கலாம், போ."

எழுந்து வெளியேறிய மேனேஜரின் பூட்ஸ், கன்னியப்பனின் வெறுங்கால் விரல்கள் மேல் முழுசாக ஏறி இறங்கியது. அவர் முதுகு நேராக இருந்தது. முழங்கை தொங்கவில்லை. தலை குனியவே இல்லை. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.

மேனேஜர் எப்படிப் பர்மனென்ட் ஆனார் என்பது கன்னியப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது.