அத்தையின் அறைக்கு ஒரு மரத்தரை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உங்கள் அறைக்கு வாங்கிய மரமும் சுகம். உங்கள் முழங்கால்களும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். "தரை முடியறதுக்கு முன்னாடி அக்கா கிளம்பி வந்துடப் போறா, கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லி எழுதும்மா" என்று அப்பா கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். ஏன் பொறுக்க வேண்டும் என்பதையும் விளக்கச் சொன்னார். எவ்வளவு விளக்கலாம் என்று சொல்லவில்லை. அது அவர் பிழை.

எங்களோடு வந்து இருக்கும்படி அப்பா பல வருடங்களாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நீங்களும் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே சொல்லி வந்தீர்கள், கடைசியில் ஒரு நாள் தொலைபேசியில், "உங்க வீட்டு டைல்ஸ் பனிக்கட்டி மாதிரி இருக்குடா, என் கால் தாங்காது, மரத்தரை போடு, வரேன்" என்றீர்கள். அவர் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் மரத்தரைக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது அப்பா அங்கே நின்றிருந்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் பிறர் எடுத்த முடிவுகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகிய மனிதர், முதல்முறையாக ஒரு முடிவைத் தானே எடுக்கப் போனார். அதுவும் உங்களுக்காக. எங்கள் கஷ்டகாலம் அங்கேதான் ஆரம்பம்.

கடையிலிருந்து வந்த தரை போடுபவருக்கு எந்த மரமும் அருமை. "வால்நட் போட்டா அருமையா இருக்கும் சார்" என்பார். அம்மா முகம் சுளித்தால், "மேப்பிள் அதைவிட அருமை மேடம்" என்பார். இப்படி யாருக்கும் உதவாத மனிதரிடமிருந்து அப்பா மாதிரிக்கு ஒரு மூட்டை மரத்துண்டுகளை வாங்கி வந்து வீடெங்கும் பரப்பிவிட்டார். வால்நட் கறுப்பு, தூசி தெரியும், "அக்காவுக்கு இல்லாத தூசியே கண்ணுல படும்" என்று அது தள்ளுபடி ஆனது. மேப்பிள் வெளிறியது, ஒரு முடி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும், அதுவும் போயிற்று. தேக்கு போட்டால் உங்கள் அலமாரித் தேக்கோடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வீர்களாம். ஓக் மரத்தைப் பார்த்து அம்மா நல்லாயிருக்கு என்றாள், நானும் நன்றாயிருக்கிறது என்றேன், அதனாலேயே அப்பாவுக்கு அதன்மேல் சந்தேகம் வந்தது. நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறவள். என் அறைக்குள்ளும் நுழைந்து, காலுக்கடியில் ஒரு பலகையைத் தள்ளி, "படிச்சுக்கிட்டே இரு, பாதம் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லு" என்றார். பாதம், "புத்தகத்தை முடிக்கவிடு" என்றது.

இப்போது எழுதப்போவதைக் கொஞ்சம் பெரிய மனது பண்ணிப் படியுங்கள் அத்தை. உங்கள் நடையைத் தாங்குமா என்று பலகைகளைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்பா நடந்து பார்த்தார், அதில் கம்பீரம் போதவில்லை. அப்போது அடுப்படியிலிருந்து வந்த அம்மா, மூலையில் இருந்த குடையைத் தடியாக ஊன்றி, முகவாயை உயர்த்தி, பலகைமேல் நாலடி நடந்து, திரும்பி நின்று, "என்னடா இது, தரையா, தப்பட்டையா? இந்தச் சத்தம் போடுது" என்றாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அம்மா உங்களை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறாள் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு எந்த மரம் வந்தாலும் குடை வெளியே வந்தது. அம்மாவுக்கும் அது பிடித்துப்போய், பலகை இல்லாத நேரத்திலும், "அந்த விளக்க அணைடா, கரண்டு என்ன சும்மாவா வருது" என்று குரல் கொடுப்பாள், அப்பாவும் போய் அணைப்பார். ஒருநாள் நான் அவரிடம், "ஏம்பா, அது அம்மாதானே?" என்றேன். "தெரியும்மா," என்றார், "ஆனா அப்படியே அக்கா திட்டற மாதிரி இருக்கு, கேட்டு எவ்வளவு நாளாச்சு." அவர் சொன்னதை அப்படியே, அத்தை, உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

ஓக் ஒருவழியாகத் தேறியது. அடுத்தது பலகைகளை அடுக்கும் விதம். அம்புமுனைபோல வரிசை வரிசையாகக் கூடும் ஒரு வடிவத்தில் அப்பாவுக்கு ஆசை. ஆனால் முனை எந்தப் பக்கம் பார்ப்பது? வாசலைப் பார்த்து என்றார் தரைக்காரர், அருமையாக இருக்குமாம். அப்பா வெலவெலத்துப்போனார். "வாசலைக் காட்டினா, 'வந்த அன்னிக்கே போன்னு சொல்றியாடா'ன்னு கேப்பாளே" என்றார். சரி, ஜன்னல் பக்கம் திருப்பலாம் என்றேன். அம்மா குடையை எடுத்தாள். "வாசல் வழியாப் போகக்கூட எனக்குக் கொடுத்துவைக்கலியாடா?" கட்டில் பக்கம் திருப்பினால்? "எழுந்திருக்காம படுத்தே கிடன்னு சொல்றே." தரைக்காரர் பயந்துபோய் என் காதருகே குனிந்து, "பெரியம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். கடைசியில் எந்தத் திசையையும் காட்டாமல், பாய் முடைந்ததுபோல் சதுரம் சதுரமாக அடுக்குவது என்று முடிவாயிற்று. பளபளக்கும் வார்னிஷ் போட்டால் நீங்கள் வழுக்குவீர்கள், எண்ணெய் மட்டும் பூசினால் காப்பி சிந்திய இடம் தெரியும். வழுக்குவதைவிடக் கறை மேல் என்று எண்ணெயே நின்றது. ஆனால் அதைத் தீர்மானிப்பதற்குள் அப்பா பலகைகளின்மேல் சோதனைக்காகச் சிந்திய காப்பியில் ஒரு கல்யாண வீட்டுக்கே பரிமாறியிருக்கலாம்.

மரம் வந்து இறங்கியது. உடனே போட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம். முடியாதாம். வீட்டுக் காற்று பழகும்வரை அது அந்த அறையிலேயே கிடக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் போட்டபிறகு உப்பும், அல்லது சுருங்கும். அப்பா இதை மாப்பிள்ளை உபசாரமாகச் செய்கிறார். மரத்துக்கு ஏசி ஓடுகிறது, நாங்கள் விசிறிக்கொள்கிறோம். காலையில் எழுந்ததும் போய், காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். பழகிவிட்டது என்று தரைக்காரர் போன வாரமே சொல்லிவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்கிறார் அப்பா. அவருக்கோ நீங்கள் வந்தே ஆகவேண்டும், வந்து ஒரு குறையும் சொல்லக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மனிதர் மெலிந்துவிட்டார்.

ஆகவே, நான் மறுபடி எழுதும்வரை நீங்கள் கிளம்ப வேண்டாம். பெட்டி கட்ட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா தன் சொந்தக் குரலில் உங்களை விசாரிக்கிறாள். எங்கள் எல்லோருக்கும் உங்கள் ஆசி வேண்டும், கொஞ்சம் அதிகமாகவே அப்பாவுக்கு.

அன்புடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா வாங்கிப் படித்துவிட்டார். குடை வருகிற பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்லி அம்மா மன்றாடினாள், அவர் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் படித்துவிட்டு, "தரையை அவளே வந்து பாத்துச் சொல்லட்டும், போடற வரைக்கும் உன் ரூம்ல படுத்துக்குவா இல்ல?" என்று என்னைக் கேட்டார். படுத்துக்கொள்வார் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, கார்ச்சாவியைத் தேடுகிறார். அதனால் இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை, அத்தை. இதை உங்களிடம் நீட்டியவர் எதிரில்தான் நிற்கிறார். நீங்கள் சொல்லாமல் உட்கார மாட்டார். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள், பிறகு பெட்டியைக் கட்டுங்கள்.