வலப்பக்கத்து வீட்டுக் கட்டில்

மொன்றியலில் பிரெஞ்சு தெரியாதவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். கொஞ்சம் தெரிந்தவன்தான் நாசமாய்ப் போவான். நான் கொஞ்சம் தெரிந்தவன்.

எங்கள் இருபதாவது கலியாண நாளுக்கு மகள்மார் இருவரும், ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் காலைச் சாப்பாட்டோடு தங்கும் அறை ஒன்றைப் பதிவு செய்து தந்தார்கள். மொன்றியலின் லாசால் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். கிராமத்தை நெருங்கியதும் வீட்டுக்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். தேவாலயத்தைத் தாண்டி "தூ துருவா" வரட்டாம். கதவு பூட்டியிருக்காது, அறை மாடியில்.

"என்னவாம்?" என்றாள் மனைவி சாந்தி.

"வலப்பக்கம் திரும்பட்டாம்."

(பிரெஞ்சில் "துருவாத்" என்றால் வலப்பக்கம். "தூ துருவா" என்றால் நேரே. என் மானத்தை வாங்கியது அந்த ஒரு "த்" தான்.)

வலப்பக்கம் ஒரு வீடு. கதவு பூட்டியிருக்கவில்லை. மாடியில் அறை. என்ன அறை! ஆளை விழுங்கும் மெத்தை, இறகுத் தலையணைகள், கட்டிலடியில் கம்பளிச் செருப்பு, கொளுவியில் நீல நிறக் குளியல் அங்கி. காற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு கட்டிலில் விழுந்தேன்.

"இஞ்சை பாருங்கோப்பா, இந்தக் கிளாசுக்குள்ள பல்லுக் கிடக்கு."

"பழைய காலத்து அலங்காரமா வைச்சிருப்பினம். நீர் பேசாமல் வந்து படும்."

"குளியலறைக்குள்ள ஆரோ பாடுகினம்."

"அது ரேடியோ."

ரேடியோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. இடுப்பில் துவாய், பொக்கை வாய், எழுபது வயது.

யாரோ விருந்தாளி அறை மாறி வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, "ஐயா, இது எங்கள் அறை. உங்கள் அறைக்குப் போங்கள்!" என்று அதட்டினேன். அவர் ஏதோ சொன்னார். பல் இல்லாத பிரெஞ்சு எனக்கு விளங்கவில்லை (பல் இருந்தாலும் பாதிதான்). கடைசியில் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு கலியாணப் படம். மாப்பிள்ளைக்கு அதே மூக்கு.

"ஐயோ, இது இவரின்ரை வீடப்பா!"

சாந்தி பதறிப்போய், தாம்பூலத் தட்டை நீட்டுவதுபோல இரண்டு கையாலும் பல்லுக் கிளாசை அவரிடம் நீட்டினாள். அவர் பல்லைப் பூட்டினார். பொலிசைக் கூப்பிடத்தான் பூட்டுகிறார் என்று நினைத்து, மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவரோ கட்டிலில் உட்கார்ந்து, கண்ணீர் வழியச் சிரித்தார். பிறகு உடுத்திக்கொண்டு, எங்களைச் சரியான வீட்டுக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார். வாசலில் காத்திருந்த வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தபோதுதான் கவனித்தேன்: நான் இன்னும் அவருடைய அங்கியோடு நிற்கிறேன். என் காற்சட்டை அவருடைய அறையில் கிடக்கிறது.

சாந்தி இதை ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். வீடு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மகள்மாருக்குச் சொல்லி முடித்துவிட்டாள். தமிழ் எழுதச் சொன்னால் ஓடி ஒளிகிற சின்னவள், அடுத்த நாளே ஒரு மட்டையில் எழுதி எங்கள் வாசற்கதவில் ஒட்டினாள்:

"அப்பா, இதுதான் எங்கடை வீடு."

அவள் தானாகவே எழுதிய முதல் தமிழ் வசனம் அது. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. கழற்ற மனம் வரவில்லை. இன்றைக்கும் கதவில் இருக்கிறது.