தங்கபுஷ்பம் கொலை வழக்கின் மேல்முறையீடு

எந்த வரைபடத்திலும் இடம் பிடிக்காத நிறைநாட்டில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துப் பேராளர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கடந்த நான்கு முறையும் ஒரே மனிதரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் கடும் உழைப்பாளி. நாட்டில் எது குறைந்தாலும் அதற்கு ஒரு சட்டம் போட்டுவிடுவார். மழை குறைந்த ஆண்டில், மழை அளக்கும் பாத்திரங்களைச் சிறிதாகச் செய்யும்படி சட்டம் போட்டார். அந்த ஆண்டு எல்லாப் பாத்திரங்களும் நிரம்பி வழிந்தன.

கொலைகள் பெருகியபோது ஏழு நாள் சட்டம் வந்தது. கொலை நடந்த ஏழாம் நாள் சூரியன் மறைவதற்குள் கொலையாளியும் களவுபோன பொருளும் பிடிபட்டாக வேண்டும். காவல் நிலையங்களின் வாசலில் 'துப்புத் துலங்காத கொலைகள்: இல்லை' என்று பலகை வைத்தார்கள். எண்ணை மாற்றி எழுத இடம் விடவில்லை. 'இல்லை' என்பதையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்.

சாட்சி சொல்ல மக்கள் பயப்படுகிறார்கள் என்று காவல்துறை குறைப்பட்டுக்கொண்டது. உடனே நிரந்தரச் சாட்சிச் சட்டம் வந்தது. நிலையத்துக்கு ஒரு சாட்சி. நீலச் சட்டை, மாதச் சம்பளம், ஓய்வூதியம். பொதுமக்கள் இனி எதையும் பார்க்க வேண்டிய சிரமம் இல்லை என்று பேராளர் வானொலியில் அறிவித்தார்.

இந்தச் சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில்தான் வேப்பங்கேணி என்ற சிற்றூரில் தங்கபுஷ்பம் கொலையுண்டாள். அறுபத்தெட்டு வயது. பிரசவம் பார்த்துப் பார்த்து ஓய்ந்தவள். தனியாக இருந்தாள். சொந்தப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்து பிறந்தவர்கள். ஒரு காலையில் பால்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுக்களையில் தலையில் அடிபட்டுக் கிடந்தாள். அவள் கையில் எப்போதும் கிடக்கும் நான்கு தங்க வளையல்களைக் காணவில்லை.

காவல் நிலையத் தலைவர் வீரபாகு ஆறு நாள் அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏழாம் நாள் காலையில், அந்த வீட்டுக் கூரையில் ஓடு மாற்றியவன் யார் என்று கேட்டார். மருதையன் என்றார்கள். மருதையன் ஊரெல்லாம் கூரை ஏறுகிறவன், நாற்பது வயது, மூன்று பெண்களுக்கு அப்பன். அவன் மனைவி பூங்காவனம் கடைத்தெருவில் மரவள்ளிக் கிழங்கு அவித்து விற்பவள். அன்று மதியம் மருதையனைப் பிடித்தார்கள். மாலையில் அவன் வீட்டு விறகுக் கட்டிலிருந்து கிழவிகள் தொங்கும் காதில் அணியும் கனத்த பாம்படம் ஒரு ஜோடி எடுத்ததாக எழுதினார்கள். சூரியன் மறைய இன்னும் அரைமணி இருந்தது. வீரபாகுவுக்குப் பதக்கம் கிடைத்தது.

வளையல் களவுபோன வழக்கில் பாம்படம் எப்படி வந்தது என்று ஊரில் பலருக்கும் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. கீழ் நீதிமன்றத்தில் வழக்கு ஒரே காலைப்பொழுதில் முடிந்தது. நிரந்தரச் சாட்சி நாகலிங்கம், மருதையன் கிழவியை அடித்துக் காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றியதை ஜன்னல் வழியே பார்த்ததாகச் சொன்னார். கொலைக்கும் களவுக்கும் சேர்த்துத் தூக்கு. நாற்பதாம் நாள் நிறைவேற்ற உத்தரவு.

பூங்காவனம் அன்றிரவு அழுதாள். மறுநாள் கிழங்குக் கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுத் தலைநகருக்குப் பேருந்து ஏறினாள். அங்கே அமலோற்பவம் என்ற வழக்கறிஞரைப் பிடித்தாள். ஏழெட்டுத் தூக்கு வழக்குகளை நடத்தி, அதில் மூன்றில் ஜெயித்தவள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

மேல்முறையீடு செய்வதும் அவ்வளவு சுலபமாக இல்லை. அதற்கும் ஒரு சீர்திருத்தச் சட்டம் வந்திருந்தது. மேல்முறையீடு குற்றவாளிகளுக்கு உரிய சலுகை; ஆகவே அதைக் கேட்பவர் 'நான் ஒரு குற்றவாளி' என்று முதலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மருதையன் படிவத்தைத் தள்ளிவிட்டான்.

"நான் போடமாட்டேன் வக்கீலம்மா. செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு செய்யலன்னு சொல்றது?"

"போடலன்னா தூக்குதாங்க," என்றாள் பூங்காவனம். "இன்னும் முப்பத்தோரு நாள்தான் இருக்கு. மூணு புள்ளைங்க முகத்த நெனச்சுப் பாருங்க."

"அந்தப் புள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன். கொலகாரன் பொண்ணுங்கன்னு யாரும் அதுகளப் பேசிறக் கூடாது."

அமலோற்பவம் படிவத்தை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தாள்.

"இதுல குற்றவாளின்னுதான் இருக்கு. என்ன குற்றம்னு கேக்கல. இதுவரைக்கும் வேற எதுலயாவது மாட்டியிருக்கீங்களா மருதையன்?"

அவன் யோசித்தான். "பேராளர் ஊர்வலம் வந்தப்ப ஒரு கூரை மேல உக்காந்து பீடி குடிச்சேன். தலைவருக்கு மேல உக்காரக் கூடாதாமே. ஒரு நாள் உள்ள வச்சாங்க."

"அது போதும். அதை நெனச்சிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கைதான நாளிலிருந்து முதல் முறையாக மருதையன் சிரித்தான். பிறகு தெளிவான எழுத்தில் கையெழுத்திட்டான்.

வெளியே வந்ததும் பூங்காவனம் கேட்டாள்: "வக்கீலம்மா, எனக்கு ஒண்ணு புரியல. பாம்படத்தக் காதுலேருந்து கழட்டுனாருன்னு சொல்றாங்களே, தங்கபுஷ்பத்தம்மாவுக்குத்தான் தொள்ளைக் காதே இல்லையே?"

அமலோற்பவம் நடையை நிறுத்தினாள்.

"என் மூத்தவ பொறந்தப்ப காதுல கட்டோடதான் பிரசவம் பாக்க வந்தாங்க. தொங்குற காதை ஆஸ்பத்திரியில வெட்டித் தச்சிருந்தாங்க. பாம்படத்த அழிச்சுத்தான் அந்த நாலு வளையலும் பண்ணுனாங்க. பதினெட்டு வருசமாச்சு."

"இதை ஏன் விசாரணையில சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். சாட்சி வேலை காலி இல்லன்னு அனுப்பிட்டாங்க."

அமலோற்பவம் அன்றே பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கினாள். மூன்றாம் பக்கத்தில், யாரும் படிக்காத ஒரு வரியில், பரிசோதனை செய்த டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்: 'இரு காது மடல்களிலும் பழைய தையல் தழும்பு. காயம் இல்லை. இரண்டிலும் சிறிய கல் தோடு உள்ளது.'

தூக்குக்கு ஆறு நாள் இருந்தபோது மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. நீதிபதி தில்லைநாயகம் குறைவாகப் பேசுபவர். அரசுத் தரப்பில் பராங்குசம் எழுந்தார். அவருடைய கறுப்பு அங்கிக்குப் பின்னால் இரண்டு உதவியாளர்கள் புத்தகங்களோடு நின்றார்கள்.

அமலோற்பவத்தின் வேண்டுகோளின் பேரில் நாகலிங்கத்தைக் கூண்டில் ஏற்றினார்கள். பாம்படத்தை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் தண்டு சுண்டுவிரல் பருமன் இருந்தது.

"இதைக் காதிலிருந்து கழற்றியதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"பார்த்தேன்."

"எந்தக் காது?"

"இரண்டு காதும்."

அவள் டாக்டரின் அறிக்கையை நீதிபதியிடம் கொடுத்தாள். அவர் படித்தார். மீண்டும் படித்தார். பாம்படத்தை எடுத்து, தன் மேஜையிலிருந்த ஒரு குண்டூசியையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கல் தோடு போடுகிற துளை இந்த ஊசி போகிற அளவு இருக்கும். அதற்குள் இது எப்படிப் போனது?"

நாகலிங்கம் அரசு வழக்கறிஞரைப் பார்த்தார். உதவி வரவில்லை. "ஐயா, நான் பார்க்க வேண்டியதை நிலையத்தில் எழுதிக் கொடுப்பார்கள். காதைப் பற்றி எழுதவில்லை."

"அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"மாமியார் வீட்டில், ஐயா. விடுப்பு எடுத்திருந்தேன். விடுப்பில் பார்த்ததற்கு இரட்டைப் படி உண்டு."

மன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. பூங்காவனம் கடைசி பெஞ்சில் இரு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பராங்குசம் தொண்டையைச் செருமினார். "கனம் நீதிபதி அவர்களே, தைத்த காதில் பாம்படம் அணிவது அரிது என்பதை அரசு பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது சட்டவிரோதம் அல்ல. மேலும், இவரை விடுவித்தால் வேப்பங்கேணி நிலையத்தின் வாசலில் உள்ள பலகை பொய்யாகிவிடும். ஒரு தனிமனிதனின் கழுத்து பெரிதா, ஒரு நிலையத்தின் மானம் பெரிதா என்பதை மன்றம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்."

"பலகை என் முன்னால் வழக்காக வரவில்லை," என்றார் நீதிபதி. "கழுத்துதான் வந்திருக்கிறது."

மதியத்துக்குள் தீர்ப்பு எழுதினார். மருதையன் கொலை செய்யவில்லை, களவும் செய்யவில்லை. அவனை உடனே விடுவிக்க வேண்டும். தங்கபுஷ்பத்தைக் கொன்றவன் யார் என்பதை அரசு முதலிலிருந்து விசாரிக்க வேண்டும்.

மாலையில் மருதையன் சிறை வாசலில் வந்து நின்றான். உடம்பு பாதியாகியிருந்தது. பூங்காவனம் அவன் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு, "பசிக்குதா?" என்று கேட்டாள். "ஆமா," என்றான். இருவரும் பேருந்து நிலையத்துக்கு எதிரிலிருந்த கடையில் போய்ச் சாப்பிட்டார்கள்.

தீர்ப்பின் முதல் இரண்டு வரிகளை அரசு மதித்தது. மூன்றாவது வரிதான் அமைச்சரவையை உறங்கவிடவில்லை. ஏழு நாள் எப்போதோ கழிந்துவிட்டது. பலகையில் எழுத இடமும் இல்லை. அமைதித்துறை அமைச்சர் மாவளத்தார் மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டார். கொலையாளி இல்லாத கொலை கொலை ஆகாது என்று புதிய சட்டம் வந்தது. தங்கபுஷ்பம் நோயால் சாகவில்லை என்று டாக்டரே எழுதியிருக்கிறார். கொலையும் ஆகவில்லை. எனவே தங்கபுஷ்பம் உயிரோடு இருக்கிறாள் என்று அரசிதழில் அறிவித்தார்கள்.

பூங்காவனம் காவல் நிலையத்துக்குப் போனாள். வீரபாகு பதக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, தங்கபுஷ்பத்தம்மாவக் கொன்னது யாருன்னு எப்பத் தேடப் போறீங்க?"

"அவர் நலமாக இருக்கிறார். அரசிதழைப் பார்க்கவும்."

"அப்ப எங்க இருக்காங்க?"

"முதியோரின் நடமாட்டத்தை வேவு பார்ப்பது நிறைநாட்டின் பண்பாடு அல்ல, அம்மா."

"எங்க தெருவுல தனியா இருக்குற பொம்பளைங்க ஒன்பது பேரு. பொழுது சாஞ்சா கதவத் தொறக்க மாட்டேங்குறாங்க. அவனப் பிடிக்குற வரைக்கும் நான் வருவேன்."

"வாருங்கள்," என்றார் வீரபாகு. "நிலையம் மக்களுக்காகத்தான்."

அவள் வாரம் தவறாமல் போனாள். தனியாகப் போகவும் இல்லை; முதலில் இரண்டு பேர் கூட வந்தார்கள், பிறகு பத்துப் பேர். இதற்கிடையே அரசுக்கு அந்த வழி பிடித்துப்போயிற்று. இரண்டே மாதத்தில் நாடு முழுவதும் முந்நூற்றுச் சொச்சம் பேர் அரசிதழ் மூலம் உயிர் பெற்றார்கள். நிறைநாட்டில் சராசரி ஆயுள் உயர்ந்திருப்பதாகப் பேராளர் வானொலியில் பெருமையோடு சொன்னார்.

அடுத்து தேர்தல் வந்தது. வேப்பங்கேணிப் பள்ளியில் வாக்குச்சாவடி. காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனை வரை நின்றது. முன்னால் மருதையனும் பூங்காவனமும் நின்றார்கள். சாவடி அதிகாரி பட்டியலைத் திறந்தார். முதல் பெயருக்கு எதிரே ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. தங்கபுஷ்பம்.

"இவங்க வந்து போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள் பூங்காவனம்.

"கதவு திறந்ததுமே. மூத்த குடிமக்களுக்கு முன்னுரிமை."

"யாருக்குப் போட்டாங்க?"

"ரகசிய வாக்கு, அம்மா."

மருதையனின் பெயரை அதிகாரி தேடினார். வேறொரு பட்டியலில் கிடைத்தது. தூக்கிலிடப்பட்டவர்களின் பட்டியல். கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்த அன்றே, வேலை மிச்சமாகட்டும் என்று யாரோ சேர்த்திருந்தார்கள். மருதையன் சட்டைப் பையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்து நீட்டினான். அதிகாரி நல்ல மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"நீங்க குற்றவாளி இல்லைன்னு இதுல தெளிவா இருக்கு," என்றார் கடைசியில். "உயிரோட இருக்கீங்கன்னு எங்கயும் இல்லையே."

மருதையனுக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தான்.

"என் பேரு வர்ற வரைக்கும் நான் இங்கதான் உக்காரப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் பள்ளி வாசற்படியிலேயே உட்கார்ந்தான். பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து நின்ற பால்காரர் கொஞ்சம் தயங்கி, துண்டை உதறிப் போட்டு அவரும் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை அப்படியே, நின்ற ஒழுங்கிலேயே, தெருமுனை வரை தரையில் உட்கார்ந்தது. அதிகாரி வெளியே வந்து கெஞ்சினார். வீரபாகு வந்து மிரட்டினார். யாரும் எழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. மாலை ஐந்து மணிக்கு, பட்டியலில் காலையில் இருந்த அந்த ஒரே கோட்டோடு சாவடியை மூடினார்கள். மறுநாள் முடிவுகள் வந்தன. வேப்பங்கேணியில் பதிவான வாக்குகளில் நூற்றுக்கு நூறும் பேராளருக்கே விழுந்திருப்பதாக வானொலி அறிவித்தது.