சீலைத் தொடாதே

"இனிமே இந்த வீட்டில் யாரும் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது" என்று குடோன்காரர் அறிவித்தபோது, வீட்டில் இருந்ததே அவரும் அவர் மனைவியும்தான். கடவுள் புண்ணியத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். அதனால் அந்த 'யாரும்' யார் என்பது மனைவிக்கு நன்றாகவே புரிந்தது.

பெட்டிக்குள் இருந்தது வாஷிங் மெஷின். சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டதே என்று பெரிய மகள் தம்பிகளிடமும் பேசிப் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தது. எந்த மெஷின் என்று தேர்ந்தெடுக்கிற பொறுப்பை மட்டும் அப்பாவிடம் விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

குடோன்காரர் ஒரு பெரிய கிடங்கில் சரக்கைக் காவல் காத்தே ஓய்வு பெற்றவர். சீல் பிரிக்காத பெட்டி என்றால் அவருக்குக் கைக்குழந்தை மாதிரி. போதாததற்கு, மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருந்த பழைய தையல் மெஷினை, பழம்பொருள் சேர்க்கிற ஒருவர் காரில் வந்து கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்துவிட்டார். இன்றைக்கு விற்கிற வாஷிங் மெஷினில் எது நாளைக்கு அப்படிக் கொண்டாடப்படும்? இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

கடை கடையாக ஏறி இறங்கினார். கண்ணாடிக் கதவு வைத்தது வேண்டாம், அது வீட்டுக்கு வீடு இருக்கும். போனில் சொன்னால் ஓடுகிறது வேண்டாம், போன் போனால் அதுவும் போகும். கடைசியில், டக் டக்கென்று திருகுகிற குமிழ் வைத்து, துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடுகிற ஒன்றைப் பிடித்தார். இந்த மாடல் இதோடு நின்றுவிடும் என்று கடைக்காரர் வாய் தவறிச் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

"பிற்காலத்துல இதுக்காக அடிச்சுக்குவாங்க பாரு. ஆனா சீல் உடையாம இருக்கணும். நீ சீலைத் தொடாதே" என்றார்.

"என் சீலையையா?"

"பெட்டியோட சீலை."

"பெட்டி எப்பங்க சீலை கட்டுச்சு? நான் கட்டுற சீலையைத் துவைக்கத்தான் புள்ளைங்க அதை வாங்கிக் கொடுத்தாங்க."

அவர் பெட்டியின் தலையில் ஒட்டியிருந்த சிவப்பு சீலைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு, இந்த மனுஷனுக்கு நல்ல புத்தி கொடு சாமி என்று வேண்டியபடி குழாயடிக்குப் போனாள்.

வாரா வாரம் மகள் போன் செய்வாள். மெஷின் ஓடுதாப்பா என்பாள். நல்லா ஓடுது என்பார். அம்மா கை எப்படி என்பாள். ஆறிடுச்சு என்பார். சொல்லும்போதே காது சுடும். போனை வைத்ததும் மனைவியின் கையைப் பார்க்க வேண்டும் போலிருக்கும். பார்க்கத் தைரியம் வராது. அவள் பரிமாறும்போதுகூடத் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

ஆச்சரியம் என்னவென்றால், அவள் முணுமுணுப்பதையே நிறுத்திவிட்டாள். தையல் கற்றுக்கொள்கிறேன் என்று கூடையோடு மாடிக்குப் போய்வந்தாள். அவருடைய சட்டைகள் பளிச்சென்று இருந்தன. மாடியில் புதிதாக ஒரு மெஷின் தினமும் பாடியது. ஒருநாள் படிக்கட்டில் தையல்காரம்மாவை நிறுத்தி, உங்கள் மெஷின் பாடுவது லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் மாதிரி இருக்கிறது, பிற்காலத்தில் அதை ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள், எங்களது வேற ரகம் என்று எடுத்துச் சொன்னார்.

"ஆமாண்ணே, உங்களுது வேற ரகம்தான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினாள் அந்த அம்மா.

அப்புறம் அந்த போன் வந்தது. மகள் மறுநாள் நேரிலேயே வருகிறாளாம். மெஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

குடோன்காரர் பெட்டியின் எதிரில் போய் உட்கார்ந்தார். பெற்ற மகளிடம் இத்தனை வாரம் புளுகியாயிற்று. நாளைக்கு எந்த முகத்தோடு நிற்பது? மனைவியைக் கூப்பிட்டார். கையில் கத்தி இருந்தது.

"பிரிச்சிடறேன்" என்றார்.

"யோசிச்சுக்குங்க. பிரிச்சா மதிப்பு போயிடும்னீங்க."

"போனாப் போகுது. உன் கையைவிடவா..." என்றவர் கண்ணை மூடிக்கொண்டு சீலைக் கிழித்தார்.

உள்ளே ஒரு ஓடாத டேபிள் ஃபேன். பாடாத ரேடியோ. கம்பி நீட்டிய குடைகள். நாளைக்கு மதிப்பு வரும் என்று அவர் பரண் நிறையச் சேர்த்து வைத்திருந்த சாமான்கள் அத்தனையும்.

பெட்டியைப் புரட்டினார். அடிப்பக்கம் நேர்க்கோடாக அறுத்து, அழகாக டேப் ஒட்டியிருந்தது. குடோன் திருடர்கள் பெட்டியின் மேலே இருக்கிற சீலை விட்டுவிட்டு அடியில் அறுப்பார்கள், ஆனால் என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடிந்ததில்லை என்று சாப்பாட்டு நேரமெல்லாம் அவர்தான் பீற்றிக்கொள்வார். கேட்டுக்கொண்டே பரிமாறியவள் எதிரில் நின்றாள்.

மாடியில் மெஷின் பாடியது.

"அது... நம்மளுதா?"

"நீங்க கடைத்தெருவுக்குப் போனப்ப தையல்காரம்மா வீட்டுக்காரர்தான் தூக்கிட்டுப் போனாரு. அவங்க துணியும் அதுலதான்."

"நம்ம பொண்ணுக்குத் தெரியுமா?"

"அப்பவே சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் வாரா வாரம் என்கிட்ட கேட்டா?"

"என்னைக்காவது அப்பா நிஜத்தைச் சொல்லிட மாட்டாரான்னுதான்."

அவர் தலை குனிந்தார். குனிந்த கண்ணில் அவள் கை பட்டது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை. எப்போது ஆறியது என்று அவருக்குத் தெரியாது. ஆறிவிட்டது என்று வாரா வாரம் சொன்னவர் அவர்தான்.

அவள் காலிக் கூடையை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் சீலைத் தொடவே இல்லைங்க, பிரிச்சது நீங்கதான். அப்படியே மாடிக்குப் போய் என் சீலையையும் பிரிச்சுக் காயப்போட்டுட்டு வந்துடுங்க."