தங்கை கல்யாணத்தில் நான் வாசித்த சுதி

மெதுவான இசை என்றால் வாசிக்கச் சுலபம் என்ற எண்ணம், வயலின் பழகும் எல்லோருக்கும் ஆரம்பத்தில் வரும். எனக்கு அது தங்கையின் கல்யாணம் வரைக்கும் நீடித்தது.

தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் அறைக்கு வந்து, ஃபோனைப் பார்த்து வயலின் பழகுவேன். அப்படிக் கிடைத்ததுதான் அந்தப் பிரெஞ்சு இசை. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதியது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருக்கும். என்னிடம் பியானோ இல்லை. வயலின் பகுதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன். (திறந்திருந்தால் எதிர் அறைக்காரர் ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்திருப்பேன்.)

தங்கை ரெஜினாவுக்குப் பாப்பாரப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் ஊர் மாதா கோயிலில் கல்யாணம். மணப்பெண் உள்ளே நடந்து வரும்போது வழக்கமாகக் கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் போய், இந்த முறை நீங்கள் விருந்தாளியாக வந்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பாட்டு ஆரம்பித்ததும் நடக்க வேண்டும் என்று ரெஜினாவிடமும் சொல்லி வைத்தேன்.

அன்றைக்குக் கோயில் நிறைந்திருந்தது. வாசலில் அப்பாவின் கையைப் பிடித்தபடி ரெஜினா. நான் கண்ணை மூடினேன். முதல் சுரம் மூச்சுவிடுவது போல ஒலிக்க வேண்டும். ஒலித்தது. மேலே அத்தனை மின்விசிறிகளும் அதைவிடப் பெரிதாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. உருகி உருகி வாசித்து முடித்தேன். என் கண்ணே கலங்கிவிட்டது.

கண்ணைத் திறந்தால், பீடத்தருகில் இருக்க வேண்டிய ரெஜினா இன்னும் வாசலிலேயே நிற்கிறாள்.

முதல் வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கம் சாய்ந்து, மிகக் கனிவாகக் கேட்டார்.

"தம்பி, சுதி சேந்துருச்சுங்களா? நிதானமா ஆரம்பிங்க, ஒண்ணும் அவசரமில்லைங்க."

ஃபாதரும் ஆமோதித்துத் தலையசைத்தார்.

முடிந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? எனக்குத் தெரிந்ததோ அந்த ஒன்றுதான். மறுபடி வாசித்தேன், இந்தத் தடவை சத்தமாக. வில்லை அழுத்திய வேகத்தில், கம்பியை முறுக்கிப் பிடிக்கும் பிருடை நழுவி, கம்பி தொங்கி, வயலின் மிதிபட்ட பூனை போலக் கத்தியது. பெரியப்பா பக்கத்திலிருந்தவரிடம் எனக்காகப் பரிந்து பேசினார், "இன்னும் சேரலீங்க போல."

யாரும் கூப்பிடாமலே கீபோர்டு அண்ணன் எழுந்து வந்தார். ரெஜினா நடந்தாள். என்னைக் கடக்கும்போது தலை நிமிராமல் சொன்னாள், "போதும்ணா. உக்காரு."

பந்தியில் பிரியாணி எனக்கு இறங்கவில்லை. பெரியப்பாதான் தேடி வந்து தேற்றினார். கருவி மக்கர் பண்ணினால் நான் என்ன செய்ய முடியும், இன்னொரு நாள் வூட்டுக்கு வந்து அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும் என்றார்.

போன கிறிஸ்துமஸுக்கு வயலினோடு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். அவரே டிவியை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் என் கை கொஞ்சம் தேறியிருந்தது. ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தேன். ரெஜினாகூட அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்று கேட்டாள். பெரியப்பா கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

முடிந்ததும் திறந்தார். முகமெல்லாம் திருப்தி.

"இன்னிக்குச் சுதி சுத்தமா இருக்குதுங்க தம்பி. ஆரம்பிங்க."